பெறுதல் என்னும் வினைச்சொல்

தமிழில் ‘பெறு’ என்னும் வினைக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஈனுதல் ஒன்று, அடைதல், பிறர் தர ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. ஈனுதலை மட்டும் குறிக்க ‘ஈன்’ என்று தனி வினை இருக்கிறது. ஆயினும் தாய் தந்தையரைப் ‘பெற்றோர்’ என்று அழைப்பதையே நம் மொழி பெருவழக்காக்கிக் கொண்டது. பேறு என்றால் அடைந்தது. மகப்பேறு என்றால் மகவை அடைதல். கல்லூரியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். இந்த வேர்ச்சொல்லையும் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அது வெறும் இலக்கணச் செய்தியன்று என்பதை என் தங்கையும் அவள் கணவரும் ஒரு மகளைப் பெற்ற பதினைந்து ஆண்டு வரலாறுதான் எனக்குக் காட்டிற்று. அவர்கள் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டா என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை.

தங்கைக்கு 2008-இல் திருமணம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கணினித்துறையில் வேலை. இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது ஊரில் கேள்விகள் தொடங்கின. கேள்விகள் எல்லாம் தங்கையை நோக்கியே வந்தன. மாப்பிள்ளையை நோக்கி ஒன்றுகூட வரவில்லை. ‘மலடி’ என்ற சொல்லுக்கு ஆண்பாலாக ‘மலடன்’ என்பதும் அகராதியில் உண்டு. ஆனால் தெருவில் அச்சொல்லை நான் கேட்டதேயில்லை. மருத்துவர்களோ இருவரிடத்தும் குறையொன்றும் காணவில்லை. காரணம் இன்னதென்று விளங்காத கருவுறாமை என்றே ஒரு வகையை மருத்துவம் வைத்திருக்கிறது. இவர்கள் அந்த வகையில் சேர்க்கப்பட்டனர். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் கருவுறாமையை எதிர்கொள்வோர் ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்கிறது. ஆறில் ஒருவருக்கு நேர்வது எப்படி ஒவ்வொரு வீட்டிலும் தனக்கு மட்டுமே நேர்ந்த அவமானமாக மறைத்து வைக்கப்படுகிறது என்பது எனக்கு விளங்காத செய்தி.

அம்மா திருக்கருகாவூர் சென்று கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்த நெய்யை வாங்கி, யாரோ ஒருவர் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தாள். தங்கை அதையும் உண்டாள், ஊசிகளையும் போட்டுக்கொண்டாள். நியூ ஜெர்சி மாநிலத்தில் 2001-இல் வந்த சட்டம் ஒன்றின்படி, ஐம்பது பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களின் காப்பீட்டுத் திட்டங்கள் கருவுறாமைச் சிகிச்சைக்கும் பணம் தரவேண்டும். கருமுட்டை எடுக்கும் சிகிச்சைக்கு நான்கு முறை வரை. அந்த நான்கும் 2017-இல் முடிந்தன. மூன்றாம் முறை மட்டும் ஒன்பது வாரம் வரை ஒரு கரு தங்கியிருந்தது. அந்த ஒன்பது வாரங்களைப் பற்றித் தங்கை இன்றுவரை என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. “இனி அவ உடம்பை வருத்த என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, மச்சான்” என்று மாப்பிள்ளைதான் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்.

அதன்பின் ஓராண்டு அவர்கள் எதையும் செய்யவில்லை. அந்த ஓராண்டு வீணானதாக அன்று தோன்றியது. பின்னர் தத்தெடுப்பு முகமை ஒன்றை அணுகியபோது, அங்கிருந்த சமூகப் பணியாளர் முதற்கேள்வியாகக் கேட்டது, பிறக்காமற் போன குழந்தைக்காக அழுது முடித்துவிட்டீர்களா என்பதுதானாம். அழுது முடிக்காதவர் வீட்டுக்கு வரும் குழந்தை, தான் ஒருபோதும் பார்த்திராத இன்னொரு குழந்தையின் இடத்தில் வளர நேரும் என்று அவர் விளக்கியிருக்கிறார். தங்கை இதைச் சொன்னபோது அந்த முகமறியாப் பெண்மணியின்பால் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

*

இந்தியாவிலிருந்து தத்தெடுப்பது என்று முடிவாயிற்று. அம்மாவுக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு எனக்கு. “யாரு பெத்த பிள்ளையோ, என்ன சாதியோ, நம்ம அடுக்களைக்குள்ள எப்படி விடுறது?” என்றாள் அம்மா. வாசகர் அம்மாவை வெறுக்க வேண்டா. அவள் தலைமுறை அறிந்த சுவீகாரம் வேறு. பங்காளி வீட்டிலிருந்து, குலம் கோத்திரம் பார்த்து, சொத்தைக் காக்கவும் கொள்ளி வைக்கவும் ஓர் ஆண்பிள்ளையைக் கூட்டிக்கொள்வது அது. பெண்ணைத் தத்தெடுக்க இந்துக்களுக்குச் சட்டம் தெளிவாக வழிவிட்டதே 1956-இல்தான். வீட்டுக்குப் பிள்ளை வேண்டும் என்பது பழைய முறை. பிள்ளைக்கு வீடு வேண்டும் என்பது புதிய முறை. இவ்விரண்டுக்கும் தொலைவு மிகுதி.

அம்மாவுக்கு நான் ஆபுத்திரன் கதையைச் சொன்னேன். மணிமேகலையில் வரும் அவன், குமரிக்குச் செல்லும் வழியில் தாய் சாலி ஈன்று தோட்டத்தில் விட்டுச்சென்ற குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காக்கிறது. பிறகு இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து வேதமும் ஓதுவிக்கிறான். வேள்வியில் பலியிட இருந்த பசுவை அவன் காப்பாற்றப் போக, ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கின்றனர். முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி அவன் எதிர்வாதம் செய்கிறான். ஆனால் தாய் இன்னாள் என்பது வெளிப்பட்டதும், எடுத்து வளர்த்த தந்தையே அவனை வீட்டைவிட்டு விலக்கிவிடுகிறான். தாய் விட்டதைவிட இந்த இரண்டாம் கைவிடலே எனக்குக் கொடியதாகப் படுவது. அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பிறகுதான். உலகத்தார் பசியைத் தீர்க்கும் பாத்திரத்தைக் காப்பியம் யார் கையில் கொடுத்திருக்கிறது பார் அம்மா என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கதைகளால் மனம் மாறிவிடும் என்று நம்புமளவு நானும் வெள்ளையன் அல்லன்.

அமெரிக்காவிலிருந்து இம்முறையில் தத்தெடுப்பதற்குத் தம்பதியரில் ஒருவரேனும் அந்நாட்டுக் குடிமகனாக இருத்தல் வேண்டும். மாப்பிள்ளை 2016-இல் குடியுரிமை பெற்றிருந்ததால் அது தடையாகவில்லை. ஏனையவை ஒவ்வொன்றாக வந்தன. விரல்ரேகை, காவல்துறைச் சான்று, வருமானக் கணக்கு, மருத்துவச் சான்று, நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள், குறைந்தது பத்து மணிநேரப் பெற்றோர் பயிற்சி. வீட்டாய்வு என்று அலுவலர் வந்து படுக்கையறை, சமையலறை, மாடிப்படி எல்லாவற்றையும் பார்த்துச் செல்கிறார். உங்கள் தந்தை உங்களை அடித்ததுண்டா, கணவன் மனைவி சண்டை எப்படி முடியும் என்றெல்லாம் கேட்கிறார். பிறகு அமெரிக்கக் குடிவரவுத் துறையின் ஒப்புதல். அதற்கும் பிறகு டெல்லியில் ‘காரா’ எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையப் பதிவு, வரிசை எண், காத்திருப்பு.

“அண்ணே, பிள்ளை பெத்துக்கிறவங்க யாரையாவது பேங்க் கணக்கைக் காட்டினாத்தான் பெத்துக்கலாம்னு சொல்றாங்களா?” என்று ஒருநாள் தங்கை வெடித்தாள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இத்துறையின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன்.

இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் கடிதத்தையே வழக்காக ஏற்றது. 1984-இல் நீதிபதி பி. என். பகவதி அளித்த தீர்ப்புதான், யார் தரலாம், யார் பெறலாம், யார் கண்காணிக்க வேண்டும் என்று முதன்முதலில் முறைப்படுத்தியது. 1990-இல் காரா தோன்றியது. நாடுகளிடைத் தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கை 1993-இல் உருவாயிற்று. இந்தியா 2003-இல் அதை ஏற்றது. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு வேலிகளும் எதற்காக? 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போயினர். அவர்களுள் பலருடைய ஆவணங்கள் பொய்யானவை. அங்கே ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை இலங்கையின் சுகாதார அமைச்சரே 2017-இல் ஒப்புக்கொண்டார். நம் சென்னையிலேயே ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் பொய்ச் சான்றுகளோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது 2005-இல் அம்பலமாயிற்று. நெதர்லாந்து அரசு 2021-இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. சீனா 2024-இல் தன் கதவை ஏறத்தாழ முற்றாக மூடியது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பிறப்பு ஆவணங்கள் புனையப்பட்டதையும் அதில் அரசின் பொறுப்பையும் 2025 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னது. 2004-இல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் பிற நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துச் சென்றனர். 2023-இல் அந்த எண்ணிக்கை 1,300-ஐ எட்டவில்லை.

இவற்றில் அன்றைக்கு வெளிவந்திருந்தவற்றைத் தங்கைக்கு எழுதினேன். கடிதத்தின் இறுதியில் இவ்வாறு எழுதியதாக நினைவு: பிள்ளை பெற்றுக்கொள்பவளிடம் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் உன்னிடம் வரப்போகிறவளிடமிருந்து ஏற்கெனவே ஒரு தாய் போய்விட்டாள். அது எப்படிப் போயிற்று, உண்மையாகவே போயிற்றா என்று உறுதிசெய்யாமல் கொடுத்தால், நீ பெறுவது இன்னொருத்தியிடமிருந்து களவாடப்பட்டதாக இருக்கக்கூடும். அந்தக் கேள்விகளைப் பேசத் தெரியாத ஒரு குழந்தை கேட்பதாக எண்ணிக்கொள். தங்கை பதில் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆவணங்களைப் பற்றி முறையிட்டதுமில்லை.

*

பதிவு செய்தது 2019-இல். பெருந்தொற்று இரண்டு ஆண்டுகளைத் தின்றது. 2022 ஆகஸ்டில் ஒரு புகைப்படமும், குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையும், மருத்துவ அறிக்கையும் வந்தன. ஒடிசாவின் கடலோர மாவட்டம் ஒன்றில், 2020 ஜூனில், பிறந்து சில நாட்களே ஆன நிலையில் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தை. வயது இரண்டே கால். தங்கைக்கும் மாப்பிள்ளைக்குமான வயதுகளின் கூட்டுத்தொகை அப்போது எண்பத்து நான்கு. அந்த வயதுக் குழந்தைக்குத் தொண்ணூறு வரை சட்டம் இடம் தருகிறது. ஒப்புக்கொண்டார்கள். இரு நாடுகளின் ஒப்புதல்களும் காராவின் தடையின்மைச் சான்றும் வந்தன. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் ஆட்சியரின் ஆணை கிடைத்தது. அவர்கள் விமானத்தில் வர, நான் சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவுவண்டியில் புவனேசுவரம் போய்ச் சேர்ந்தேன். தாய்மாமன் போகாமல் எப்படி?

இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைக் குழந்தைகள் ‘மாஉசி’ என்று அழைத்தனர். ஒடியாவில் அதற்குத் தாயின் சகோதரி, அதாவது சித்தி அல்லது பெரியம்மா என்று பொருள். ஒரு மாஉசியின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுமி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு அவள் பின்னால் மறைந்துகொண்டாள். நான்கு நாட்கள் தினமும் போய் வந்தோம். இரண்டாம் நாள் தங்கையின் கையிலிருந்து பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் ‘பாணி’ என்று கேட்டாள், தண்ணீர் கொடுத்தோம். நான்காம் நாள் மாலை புறப்படும்போது முற்றத்தில் நின்று வானத்தைச் சுட்டி, “ஜஹ்ன மாமு” என்றாள்.

ஒரு கணம் மெய்சிலிர்த்துப் போனேன். ஜஹ்ன என்றால் நிலவு. மாமு என்றால் மாமன். நம் அம்புலிமாமாதான்! தாயின் உடன்பிறந்தானாக நிலவைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் அங்கும் இருக்கிறது. குழந்தைக்கு அம்புலியைக் காட்டி அழைக்கும் பருவத்தைத் தமிழில் அழகுற முதலில் பாடியவர் பெரியாழ்வார். யசோதையாகவே தம்மைப் பாவித்துப் பாடினார் அவர். யசோதை கண்ணனை ஈன்றவள் அல்லள், பெற்றவள். பெரியாழ்வாரும், துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்மகவை ஆண்டாளாக வளர்த்தவர் என்பது வைணவ மரபு. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் ஊற்றுக்கண்ணே ஒரு வளர்ப்புத் தாயின் குரல் என்பதை நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியும் அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனால் அதே பாசுரத் தொகுதியில் இன்னொரு குரலும் இருக்கிறது. குலசேகரர் தம் பெருமாள் திருமொழியில் தேவகியின் புலம்பலைப் பாடியிருக்கிறார். ஈன்றும் தாலாட்டப் பெறாதவள், மகனின் பிள்ளை விளையாட்டு எதையும் காணப்பெறாதவள் அவள். யசோதைக்குக் கிடைத்தது ஒவ்வொன்றும் தேவகி இழந்தது. இல்லத்தார் கொடுத்த கோப்பில் ஒரு பழைய நாளிதழ் நறுக்கு இருந்தது. குழந்தையின் படத்தைப் போட்டு, உரிமையுள்ளவர் வந்து கோரலாம் என்று ஒடியாவில் வெளியிட்ட அறிவிப்பு. ஒருவரும் வரவில்லை. பெற்றோரைக் கண்டறிய இயலவில்லை என்று காவல்துறை அறிக்கை தந்தது. அதன்பின் குழந்தைகள் நலக் குழு அவளைத் தத்துக்குரியவள் என அறிவித்தது. ஊரடங்கு நாட்களில், ஒரு ஜூன் மாதத்தில், சில நாள் குழந்தையைக் கீழே வைத்துவிட்டு நடந்து போன அந்தப் பெண் யார்? அந்த அறிவிப்பை அவள் பார்த்திருப்பாளா? தங்கை அந்த நறுக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ அவகிட்ட ஒன்பது மாசம் இருந்திருக்கா அண்ணே” என்றாள். ஒன்பது வாரம் என்று அவள் மனத்துக்குள் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். வேறொன்றும் பேசவில்லை.

விடைபெறும்போது சிறுமி அழுததைவிட மாஉசி அழுததுதான் அதிகம்.

*

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாக ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரமும் திருநெல்வேலியில் எங்கள் வீட்டில். முதல் வாரம் அம்மா குழந்தையைத் தொலைவிலிருந்தே பார்த்தாள். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு குழந்தை எழுந்து “மாஉசி, மாஉசி” என்று தேம்பியபோது, தங்கை எழுவதற்குள் அம்மா அருகில் சென்று அமர்ந்திருந்தாள். பொருள் தெரியாமலேயே ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அடுக்களையில் அம்மா தோசை வார்க்க, அருகில் தரையில் அமர்ந்து சிறுமி உண்டுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அம்மா தன் பழைய பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். உறவினர் சிலரிடம் இன்றும் அவள் தத்து என்ற சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் டெல்லிக்குப் புறப்படும் நாளில் என்னைத் தனியே அழைத்து, “மாமன் மடியில வச்சுக் காது குத்தணும்யா. அடுத்து எப்போ வருவாங்கன்னு கேட்டு வை” என்றாள்.

2024 ஜூனில், சிறுமிக்கு ஐந்தாம் வயது நடக்கையில், குலதெய்வக் கோயிலில் என் மடியில் வைத்துக் காது குத்தினோம். ஆசாரி கம்பியைச் செலுத்தியபோது அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டு ‘மாமா’ என்று கத்தினாள், ‘மாமு’ அல்ல. அங்கே சென்ற ஆறே மாதத்தில் ‘பாணி’ ‘தண்ணி’ ஆகிவிட்டிருந்தது. ஜஹ்ன அம்புலியாகி, பின் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் ‘மூன்’ ஆயிற்று. தமிழாசிரியன் என்ற முறையில் அவள் தமிழ் பேசக் கேட்க எனக்கு உவகைதான். ஆனால் அவளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. ஒவ்வொரு தமிழ்ச்சொல் சேரும்போதும் ஓர் ஒடியாச் சொல் இடம்விட்டு விலகுகிறது. தமிழுக்கு 2004-இல் செம்மொழித் தகுதி கிடைத்தபோது மகிழ்ந்தவன் நான். ஒடியாவுக்கும் 2014-இல் அது கிடைத்ததை அந்நாளில் ஒரு செய்தியாக மட்டுமே படித்தேன். இப்போது அது எங்கள் வீட்டுச் செய்தி. நாடுவிட்டு நாடு போகும் தத்தெடுப்பில் குழந்தை இழப்பவற்றின் பட்டியலில் மொழியும் உண்டு. எத்தனை அன்பான வீடாயினும் இதை மறைத்தல் தகாது. தங்கை மறைக்கவில்லை. இல்லத்தில் இட்ட ஒடியாப் பெயரை நடுப்பெயராக வைத்துக்கொண்டாள். அருகில் வாழும் ஒடியாக் குடும்பம் ஒன்றோடு பழகி வருகிறாள். “நீ முதலில் வேறொருத்தி வயிற்றில் இருந்தாய்” என்று மகளிடம் இப்போதே கதைபோலச் சொல்லிவருகிறாள்.

தத்துக்குப் பின்னும் இரண்டாண்டுகள் கண்காணிப்பு உண்டு. முதலாண்டில் மும்மாதத்துக்கு ஒன்றும், இரண்டாமாண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்றுமாக ஆறு அறிக்கைகள். அவையும் முடிந்துவிட்டன. இனிக் கேள்வி கேட்கும் உரிமை மகள் ஒருத்திக்கே. பதினெட்டு வயதானதும் தன் வேரைத் தேடி அவளே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. தேடியும் ஒன்றும் கிடைக்காமற் போகலாம். அந்தக் கோப்பின் படி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. நாளிதழ் அறிவிப்பும் காவல்துறை அறிக்கையும் ஒடியாவில் உள்ளன. அவள் வந்து கேட்கும் நாளில் வீட்டில் ஒருவராவது அவற்றை அந்த மொழியிலேயே படித்துக்காட்ட வேண்டாவா? ஆகவே ஒரு பாலபாடப் புத்தகத்தை வரவழைத்து, ஞாயிறுதோறும் ஒடியா எழுத்துகளை எழுதிப் பழகி வருகிறேன். நம் எழுத்துகளைப் போலவே அவையும் வட்டவட்டமானவை. கைக்கு எளிதில் படிகின்றன. ‘ஜ’ வந்துவிட்டது. ஜஹ்ன என்று எழுதுவதற்கு ‘ஹ்ன’ என்னும் கூட்டெழுத்துத்தான் இன்னும் வசப்படவில்லை.